பாலை மரத்து நூல்

7

"லோகய்யா வெளியே வரக் கூடாது. செத்தாலும் உள்ளேயே சாகணும். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்," என்றாள் யமுனா.

சொல்லிவிட்டுப் பசலைக் கட்டுகளின்மேல் தண்ணீர் தெளித்தாள். தகரக் கூரையில் ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மங்களூரில் இந்த மாதத்தில் கீரைக்கு யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை. கை சும்மா இருந்தால் வேறு ஏதாவது செய்துவிடுமோ என்று பயந்தவள் போல அவள் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிறுதோறும் கூடுகிற விவசாயிகள் சந்தை அது. விளைத்தவரே கொண்டுவந்து விற்க வேண்டும் என்பது சந்தையின் ஒரே சட்டம். யமுனாவின் கடைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தார்கள். அதில் மஞ்சள் வெள்ளரிக்காய்கள் வாழைநாரில் வரிசையாகத் தொங்கின. அவற்றின் நடுவே ஒரு போட்டோ. மல்லிகை மாலைக்குள் அவள் புருஷன் சதானந்தா சிரித்துக்கொண்டிருந்தான். போன ஞாயிறு காலை இதே சந்தைக்கு வேன் ஓட்டி வந்தவன்.

தேஜப்பா பங்கேரா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையும் ஈரம் என்பதால் கண்ணாடி இன்னும் மோசமாயிற்று.

"நாளைக்குக் கோர்ட்டுல ஜாமீன் மனு வருது. நீங்க சொல்றதை வெச்சுத்தான் லோகய்யா தலையெழுத்து. என்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க, யமுனாக்கா?"

"அவன் தெரிஞ்சேதான் விஷப் பட்டையை அரைச்சான்னு நிரூபிக்கணும்."

"தெரியாம அரைச்சிருந்தா?"

"அப்போ நீங்க எனக்கு வேண்டாம். வேற துப்பறியறவரைப் பார்த்துக்கறேன்."

"ஊர்ல வேற ஆள் இல்லக்கா," என்றேன். "இவரும் மழைக்காலத்துல பாதி ஆள்தான்."

"லவீனா, போய் பன்ஸ் வாங்கிட்டு வா," என்றார் தேஜப்பா.

நான் அவருடைய உதவியாள். என் வாய் நீளும்போதெல்லாம் எதையாவது வாங்கிவரச் சொல்வார். நான் போகவில்லை. முன்பு ராத்திரி வேலை பார்த்தவள், பகலில் விழித்திருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அந்த நேரத்துக்கு எந்தக் கடையில் பன்ஸ் போடுவார்கள் என்று தெரியவும் தெரியாது.

நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. ஆடி அமாவாசை அன்று பாலை மரத்துப் பட்டையை இடித்துச் சாறெடுத்து வெறும் வயிற்றில் குடித்தால் வருஷம் முழுக்க நோய் அண்டாது என்று எங்கள் துளு ஜனம் குடிக்கும். குடிக்காத வீடு கிடையாது. கர்த்தரே காப்பாற்றுவார் என்று நம்பும் என் அம்மாகூடப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மடக்கு வாங்கி வந்துவிடுவாள். பட்டை எடுப்பதற்கு முறை இருக்கிறது. விடிவதற்கு முன் போக வேண்டும். விளக்கு கூடாது. இரும்பு படக் கூடாது, கல்லால்தான் தட்டி எடுக்க வேண்டும். பழைய ஆட்கள் உடம்பில் துணியும் இல்லாமல் போவார்கள். லோகய்யா பழைய ஆள்.

இருட்டில் மரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக முந்தின நாள் சாயங்காலமே போய் மரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டு வருவார்கள். பாலை மரம் நிற்கிற காட்டில்தான் எட்டி மரமும் நிற்கும். இரண்டு பட்டையும் கசக்கும். ஒன்று மருந்து, இன்னொன்று ஆளை வில்லாக வளைத்துப் போட்டுவிடும்.

லோகய்யா மல்லிகை போடுகிற விவசாயி. வருஷா வருஷம் அமாவாசைக் கஷாயத்தைக் காய்ச்சிச் சந்தைக்குக் கொண்டுவந்து, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு சின்ன கப்பில் ஊற்றுவார். இந்த வருஷம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையே வந்தது. குடித்தவர்கள் மைதானத்திலேயே விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். சதானந்தா மட்டும் பிழைக்கவில்லை.

கிழவர் இருட்டில் மரம் மாற்றிவிட்டார் என்று போலீஸ் எழுதப் போனது. யமுனா விடவில்லை. இது பழி என்றாள்.

"காரணம் இருக்கு," என்று இப்போது எங்களிடமும் சொன்னாள். "ரெண்டு மாசம் முன்னாடி இதே இடத்துல, எங்க கடை முட்டைக்கோஸைத் தூக்கிக் காட்டி ஊரைக் கூட்டினான் லோகய்யா. 'கடலோரத்துல எவன் தோட்டத்துலய்யா கோஸ் விளையுது? மொத்த மார்க்கெட்ல வாங்கிட்டு வந்து சொந்தத் தோட்டம்னு விக்கிறான்'னு கத்தினான். கமிட்டி என் புருஷனை உள்ள வரக் கூடாதுன்னுட்டுது. இவர் கேட்டுக்கு வெளியே நின்னு லோகய்யாவை அறைஞ்சார். எல்லாரும் பார்த்தாங்க. அந்த அறைக்குத்தான் இந்த விஷம்."

"கோஸ் வாங்கின கோஸ்தானா?" என்று கேட்டேன்.

அவள் என்னை முறைத்தாள். "கோஸுக்கு உயிரை எடுப்பாங்களா?"

"ஒருத்தரைக் கொல்ல ஊருக்கே ஊத்துவாங்களா?" என்றார் தேஜப்பா.

"ஊருக்குக் கொடுத்தது ஒரு மடக்கு. எனக்குக் கொடுத்தது ஒரு பாட்டில். அதை என் கையாலயே அவருக்குக் கொடுத்தேன்." தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "அவருக்கு முன்னாடியே தோணியிருக்கு சார். முந்தின நாள், சனிக்கிழமை, நான் அண்ணன் வீட்டுக்கு, பெள்தங்கடிக்குப் போயிருந்தேன். ராத்திரி போன் பண்ணினார். 'நாளைக்கு லோகய்யா எதைக் கொடுத்தாலும் வாயில வைக்காதே'ன்னார். ரெண்டு தடவை சொன்னார். சாகப்போற மனுஷனுக்கு உள்ளுக்குள்ள ஏதோ சொல்லியிருக்கு."

தேஜப்பா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"நீங்க குடிக்கலையே?"

"முதல் பஸ்ல வந்தேன். அவர் வேன்ல கூட்டிட்டுப் போக வர்றதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுல டீயும் பன்னும் சாப்பிட்டுட்டேன். வயிறு காலியா இல்லாம எப்படிக் குடிக்கறது? அதனாலதான் நான் இருக்கேன்."

"வாயில வைக்காதேன்னு உங்ககிட்டச் சொன்னவர், அவரே எப்படிக் குடிச்சார்?"

"பொண்டாட்டி கொடுத்தா புருஷன் குடிப்பான். இது என்ன கேள்வி?" என்று கீரை வாங்க வந்த ஒருத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

●

லோகய்யாவின் கடை கேட்டை ஒட்டிய முதல் கடை. வெளியே சாலையில் வேனில் உட்கார்ந்தால்கூட அந்தக் கடை தெரியும். இன்று யாரோ அதன் தூணில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படுதாவில் அழுகிய பப்பாளி வழிந்தது. அதற்குக் கீழே லோகய்யாவின் மனைவி சுந்தரி மல்லிகைக் குவியலை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தாள். வாங்க ஆள் இல்லை. போகிற ஒரு பெண்மணி நின்று, பார்த்து, காறித் துப்பிவிட்டுப் போனாள். துப்பல் மழையில் கரைந்தது.

"ஏன்மா இன்னைக்கு வந்தீங்க?" என்றேன். "வீட்டுல இருந்திருக்கலாமே."

"பூ வீட்டுல இருக்குமா? அது பூத்துடுது," என்றாள் சுந்தரி. கை நிற்கவில்லை. "துப்பட்டும். போன வருஷம் இவளேதான் ரெண்டாவது கப்பு கேட்டு வாங்கினவ. முகத்தை ஞாபகம் வெச்சுக்கறேன். எல்லா முகத்தையும் வெச்சுக்கறேன்."

தேஜப்பா என்னிடமிருந்து போனை வாங்கி அவளிடம் நீட்டினார். நேற்று, சனிக்கிழமை, நான் எடுத்த படம்.

யமுனா போன் பண்ணிக் கூப்பிட்டதுமே, அவளைப் பார்க்க வருவதற்கு முன், நேற்று லோகய்யாவின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மேல்வரப்பில் பாலையும் எட்டியும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சிவப்பு நூல் எட்டி மரத்தில் இருந்தது. பட்டையைக் கல்லால் தட்டியெடுத்த காயமும் அதே மரத்தில்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, "கிழவனுக்குச் சாயங்காலமே கண்ணு தெரியலை, மாத்திக் கட்டிட்டான், முடிஞ்சுது," என்றார். "அந்தக் கோலத்துல போனவர் டார்ச்சை எங்க வெச்சுக்கறது, பாவம்," என்றேன் நான். அவர் சிரித்தார். தேஜப்பா சிரிக்கவில்லை. நூலின் முடிச்சை மோந்து பார்ப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிச்சில் ஒரு இலைக் கொத்து செருகியிருந்தது. காம்பைச் சுற்றி ஏழு இலை, குடை விரித்த மாதிரி. அது பாலை மரத்து இலை. எட்டி மரத்தில் அப்படி இலை கிடையாது.

"நூலோடு அந்த மரத்து இலை ஒண்ணையும் செருகுவார்," என்றாள் சுந்தரி, படத்தைப் பார்த்தபடி. "இருட்டுல போய் நூலைத் தடவுவார், இலையை எண்ணுவார். ஏழு வந்தா சரியான மரம். வருஷா வருஷம் கஷாயம் ஊத்தும்போது இந்தப் பெருமையை எல்லார்கிட்டயும் சொல்லுவார். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாதானே!"

"அப்போ பாலை மரத்துல கட்டினதை யாரோ அவிழ்த்து, இலையோட கொண்டுபோய்ப் பக்கத்து மரத்துல கட்டியிருக்காங்க," என்றேன். "தடவிப் பார்த்தவருக்கு ஏழும் சரியா இருந்திருக்கு."

"இல்லேன்னா லோகய்யாவே அப்படிக் கட்டிட்டு, யாரோ மாத்திட்டாங்கன்னு சொல்லலாம்," என்றார் தேஜப்பா. "யமுனாவோட வக்கீல் நாளைக்கு இதைத்தான் சொல்லுவார். சுந்தரியக்கா, இலையை விடுங்க. முடிச்சைப் பாருங்க. உங்க வீட்டுக்காரர் போட்டதா?"

சுந்தரி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு சிரித்தாள். அன்றைக்கு அந்தச் சந்தையில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். நல்ல சிரிப்பு இல்லை.

"அவர் பொறந்ததுலேர்ந்து பூ கட்டறவர் சார். அந்தக் கைக்கு முடிச்சே வராது. பாருங்க." மடியிலிருந்த மல்லிகைச் சரத்தின் நுனியைத் தூண் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை முறுக்கி உள்ளே செருகினாள். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. "இவ்வளவுதான். மாட்டைக் கட்டினாலும் இப்படித்தான் கட்டுவார். மாடு நாலு தடவை ஓடிப்போயிருக்கு. இது வேற எவனோ போட்டது."

"எவன்?"

"தெரிஞ்சிருந்தா நான் இங்க பூ கட்டிட்டு இருப்பேனா? அவன் கையை நறுக்கியிருப்பேன்."

தேஜப்பா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "யமுனாவுக்கு மட்டும் பாட்டில் நிறையக் கொடுத்தாராமே?"

"கொடுத்தாரா? அவளே வந்து கேட்டா! பாட்டிலும் அவளே கொண்டுவந்தா. இவர் ஒரு வார்த்தை பேசாம ஊத்தினார். அடிச்சவன் பொண்டாட்டியா இருந்தாலும் அமாவாசைக் கஷாயத்தை இல்லேன்னு சொல்லக் கூடாது. வாங்கினவ சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டு, முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போனா."

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சா?"

"அதை அவகிட்டப் போய்க் கேளுங்க."

நடந்தோம். சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. நான் தேஜப்பாவின் காதருகே சொன்னேன், "சார், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யமுனாக்காவேதான். நூலை மாத்தினதும் அவ. ஊரே மயங்கி விழற நேரத்துல புருஷனையும் சேர்த்து அனுப்பிட்டு, பழியைக் கிழவர் தலையில போட்டுட்டா."

"நூலைக் கட்டின அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவ பெள்தங்கடியில இருந்தா. போலீஸ் அப்பவே அண்ணன் வீட்டுல விசாரிச்சாச்சு. அப்புறம், கொன்னவ எதுக்குத் துப்பறியறவனைக் கூப்பிடப் போறா?"

"உங்களைக் கூப்பிட்டா ஆபத்து இல்லைன்னு கேள்விப்பட்டிருக்கலாம்."

"இந்தப் படத்தை இன்னொரு தடவை பாரு," என்று போனை என் கையில் திணித்தார். "ரெண்டு கண் வெச்சு, மேல ஒரு சுத்து. வால் தலைகீழா உள்ள போகுது. பாரம் ஏற ஏற இறுகற முடிச்சு. மரத்துல நூல் கட்டறவன் எதுக்குப் பாரம் தாங்கற முடிச்சைப் போடணும்? மரம் எங்க விழப்போகுது?"

"பழக்கம்?"

"பழக்கம். கைக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அவசரத்துல, மழையில, யாராவது பார்த்துடுவாங்களோங்கற பயத்துல, கை அதுபாட்டுக்குப் போட்டுட்டுப் போயிடுச்சு. தினமும் எதையாவது தொங்கவிடற கை."

நான் நின்றுவிட்டேன். பத்தடி தூரத்தில் யமுனாவின் மூங்கிலில் வெள்ளரிக்காய்கள் காற்றில் லேசாக ஆடின.

●

"ஒரு வெள்ளரிக்காய் கொடுங்க யமுனாக்கா," என்றார் தேஜப்பா. "அந்தப் பெரிசு."

"துப்பறிய வந்தீங்களா, சாம்பாருக்கு வாங்க வந்தீங்களா?"

"ரெண்டும்."

அவள் பெட்டிமேல் ஏறி, காயின் கழுத்தைப் பிடித்து நாரோடு மல்லுக்கட்டினாள். வரவில்லை. அரிவாளை எடுத்தாள். "அவர் கட்டினது. மழைக்காலம் முழுக்கக் கெடாம இருக்கணும்னு அறுவடையன்னைக்கே தொங்கவிட்டுடுவார். இந்த முடிச்சு எனக்கு வராது, அறுத்துத்தான் எடுக்கணும்."

"அறுக்காதீங்க. இறங்குங்க."

அவர் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவள் இறங்கினாள். தேஜப்பா போனை அந்த வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் வாழைநார், மறுபக்கம் சிவப்பு நூல். இரண்டு கண். மேலே ஒரு சுற்று. வால் தலைகீழாக உள்ளே.

"இது எங்க எடுத்த படம்?" என்றாள் யமுனா.

"லோகய்யா தோட்டத்து எட்டி மரம்."

அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. புரிந்ததை ஏற்றுக்கொள்ளத்தான் நேரமாயிற்று. முதலில் அவளுக்கு வந்தது கோபம். "லோகய்யா எவ்வளவு கொடுத்தான் உங்களுக்கு? செத்தவர் தலையில போடறீங்களா? செத்தவர் வந்து மறுக்கமாட்டார்னு தைரியமா?"

"அக்கா, கத்தாதீங்க. பக்கத்துக் கடை கேக்குது," என்றேன்.

"கேக்கட்டும்! கேளுங்கடி எல்லாரும்! என் புருஷனே விஷம் வெச்சாராம், அவரே குடிச்சாராம்! பைத்தியக்காரன் செய்வானா இதை?"

"நல்ல கேள்வி," என்றார் தேஜப்பா. "நானும் காலையிலேர்ந்து அதைத்தான் யோசிச்சேன். வைக்கறவன் குடிக்க மாட்டான். பொண்டாட்டியும் குடிச்சிடக் கூடாதுன்னு போன் பண்ணி ரெண்டு தடவை சொல்லுவான். லோகய்யா கொடுத்தா வாயில வைக்காதேன்னு. அது சாகப்போறவனுக்குத் தோணினது இல்ல யமுனாக்கா. என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சவன் சொன்னது."

அவள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள்.

"கொல்லணும்னு நினைச்சிருக்க மாட்டார்," என்றார் தேஜப்பா, அது ஏதோ ஆறுதல் என்பது போல. "ஒரு மடக்குக்கு நாலு பேர் வாந்தி எடுப்பாங்க, லோகய்யா பேர் சந்தையில நாறும், கோஸுக்குப் பதில் கிடைச்சாச்சு. அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு. அதைப் பார்க்கத்தான் கேட்டுக்கு வெளியே வேன்லயே உக்காந்திருந்தார். உங்களை இறக்கிவிட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகலை."

"வேடிக்கை பாருன்னார்," என்றாள் யமுனா.

மழை சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னக்கா?"

"அவர் வேனைத் திருப்பி நிறுத்தப் போன நேரத்துல பாட்டிலை வாங்கி மறைச்சுக்கிட்டேன். அப்புறம் வேன்கிட்டப் போனேன். லோகய்யா கடையையே பார்த்துக்கிட்டிருந்தார். சிரிச்சார். ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சார். 'இன்னைக்கு ஒரு வேடிக்கை இருக்கு, பாரு'ன்னார்."

"நீங்க பாட்டிலைக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன்."

"கொடுக்கும்போது என்ன சொன்னீங்க?"

அவள் ஒரு பசலைக் கட்டை எடுத்து, பிரித்து, மறுபடி கட்டினாள்.

தேஜப்பா குரலை உயர்த்துகிறவர் இல்லை. இப்போது இன்னும் தாழ்த்தினார். "நான் சொல்றேன், தப்பா இருந்தா சொல்லுங்க. இது லோகய்யாகிட்ட வாங்கினதுன்னு சொல்லியிருந்தா, அவர் தொட்டிருக்க மாட்டார். பாட்டிலைப் பிடுங்கி வீசியிருப்பார். அவர் உயிரோட இருந்திருப்பார். அதனால நீங்க வேற ஏதோ சொல்லியிருக்கணும். ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க. அண்ணன் வீட்டுல காய்ச்சினதுன்னு சொன்னா எந்தப் புருஷனும் நம்புவான்."

"அப்படிச் சொன்னா அவர் நம்பிடுவாரா என்ன? அது எப்படி உங்களுக்கு—"

"நீங்க ஏறினது முதல் பஸ். அது கிளம்பற நேரத்துல உங்க அண்ணன் மரத்தடியில நின்னிருப்பார். பட்டை வீட்டுக்கு வரணும், இடிக்கணும், பூண்டும் ஓமமும் போடணும், வெள்ளைக் கல்லைப் பழுக்கக் காய்ச்சி அதுல போடணும். எந்த வீட்டுலயும் முதல் பஸ்ஸுக்குக் கஷாயம் ஆகாது. உங்க வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும். அவர் யோசிக்கலை. அவர் கண்ணு முழுக்க லோகய்யா கடையில இருந்துச்சு."

யமுனா பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"வீசிங் அவருக்கு," என்றாள். "மழை தொடங்கினா மூச்சு இழுக்கும். அமாவாசைக் கஷாயம் இல்லாம ஒரு வருஷம் எப்படித் தள்றது? கமிட்டி வெளியே நிறுத்தினதுலேர்ந்து அவன் கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தார். சண்டைக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன். அண்ணன் கொடுத்தனுப்பினான்னு சொன்னேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, ஒரே மூச்சுல, பாட்டில் முழுக்க. மிச்சம் வைக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."



கீரை வேண்டும் என்று ஒருவர் வந்தார். யமுனா எழுந்து, கொடுத்து, உட்கார்ந்தாள்.

"முடிச்சுப் படத்தை இன்னைக்கே போலீஸ்கிட்டக் கொடுக்கணும்," என்றார் தேஜப்பா. "லோகய்யா வந்துடுவார். அண்ணன் வீட்டுக் கஷாயம்னு நீங்க சொன்னது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். அது குற்றம் இல்லை. யாரும் கேக்கப்போறதும் இல்லை."

"உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்?" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"லோகய்யா வெளியே வராம இருக்க."

"இல்ல. என் புருஷனைக் கொன்னவன் தப்பிக்கக் கூடாதுன்னு கூப்பிட்டேன். ஒரு வாரமா அந்த எரிச்சல்லதான் சோறு இறங்குது எனக்கு. எவன்னு காட்டிட்டீங்க. உங்க வேலை முடிஞ்சுது. மிச்சம் என் வேலை."

அவள் எழுந்தாள். அரிவாள் கையில் இருந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. மாலைக்குள்ளிருந்த போட்டோவைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல நானே சொல்றேன். நூலை யார் மாத்திக் கட்டினதுன்னு, அப்பன் பேர், வீட்டுப் பேரோட சொல்றேன். பாட்டிலை யார் கொடுத்தா, என்ன சொல்லிக் கொடுத்தான்னும் சொல்றேன். எனக்கு வெக்கம் இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பார். போன்ல ரெண்டு தடவை சொன்னார் சார், வாயில வைக்காதேன்னு. ஏன்னு ஒரு தடவை சொல்லலை."

"யமுனாக்கா," என்றேன்.

"அடுத்த வாரம் காரியம். பிண்டம் வைக்கணும், அவருக்குப் பிடிச்ச மீனை வெச்சு இலை போடணும், அவர் ஆவியைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ள சேர்த்துக்கணும்னு மாமியார் வீட்டுல பேசிக்கிட்டிருக்காங்க. போட மாட்டேன். ஒரு பருக்கைகூடப் போட மாட்டேன். கேட்டுக்கு வெளியே நின்னு வேடிக்கை பார்க்கப் பிடிச்சவர்தானே? வெளியேவே நிக்கட்டும்." மாலையைப் பிடித்து இழுத்தாள். உதிரிப் பூ சேற்றில் விழுந்தது. "அடுத்த ஆடிக்கு, அமாவாசையன்னைக்கு, இதே இடத்துல, லோகய்யா கையால வாங்கி வெறும் வயித்துல நான் குடிப்பேன். சுந்தரி ஊத்தினாலும் குடிப்பேன். இவர் பசியோட நின்னு அதைப் பார்க்கணும்."

கேட்டருகே சுந்தரி பூ கட்டுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. முகத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பாள்.

யமுனா மறுபடி பெட்டியின்மேல் ஏறினாள். பெரிய வெள்ளரிக்காயின் நாரை இடது கையால் பிடித்தாள். முடிச்சை ஒரு தடவை விரலால் தடவினாள், இரண்டு கண்ணையும், தலைகீழாகச் செருகிய வாலையும். அவிழ்க்க அவளுக்கு இப்போதும் வரவில்லை.

அரிவாளால் நாரை அறுத்தாள். முதல் காய் விழுந்து சேற்றில் பிளந்தது. அவள் அடுத்ததைப் பிடித்தாள்.